ஐடா பி. வெல்ஸ்: செய்தித்தாள்களின் எண்களைக் கேள்வி கேட்டவர்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 1890களின் தொடக்கத்தில், பண்ணை வேலை செய்துவந்த ஒரு கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்றது. தந்தி வழியே நாடெங்கும் போன செய்தியில் காரணமும் இருந்தது. ஷெரிஃபின் 7 வயது மகளை அவன் கெடுத்துவிட்டானாம். படித்தவர்கள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அந்த 7 என்ற எண்ணுக்குப் பிறகு யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்? ஆனால் ஒரு பெண் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். ஷெரிஃபின் மகளுக்கு வயது 17க்கு மேல். அவளை அந்த மனிதனின் குடிசையில் தகப்பன் கண்டுபிடித்திருக்கிறான். மகளின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவனே கும்பலைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

போய்ப் பார்த்தவர் ஐடா பி. வெல்ஸ். ஆசிரியை, பத்திரிகையாளர், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர் என்று கலைக்களஞ்சியங்கள் அவரைப் பலவாறாக அறிமுகப்படுத்தும். செய்தியில் வரும் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். கணிதம் படித்தவர் அல்லர். அவர் செய்த கணக்கெல்லாம் கூட்டலும் வகுத்தலும்தான்.

1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பியின் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தச்சர், தாய் எலிசபெத் சமையல் வேலை செய்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபின் தந்தை கறுப்பினத்தவருக்கான கல்லூரி ஒன்றின் அறங்காவலர்களுள் ஒருவரானார். தாயும் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். 1878இல் அப்பகுதியெங்கும் பரவிய மஞ்சள் காய்ச்சலில் பெற்றோர் இருவரும் ஒரு கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். ஐடாவுக்கு அப்போது 16 வயது. தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். அவர் ஒப்பவில்லை. வயதைக் கூட்டிச் சொல்லி ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியை ஆனார்.

சில ஆண்டுகளில் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகருக்கு வந்து சேர்ந்தார். 1883இல் ரயிலில் பெண்களுக்கான பெட்டியில் பயணச்சீட்டோடு உட்கார்ந்திருந்தவரை, எழுந்து புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார் நடத்துநர். மறுத்தார். கையைப் பிடித்து இழுத்தபோது அந்தக் கையைக் கடித்தார். கடைசியில் சிலர் சேர்ந்து அவரை இறக்கிவிட்டார்கள். வழக்குப் போட்டு 1884இல் 500 டாலர் இழப்பீடும் பெற்றார். 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. இந்த அனுபவத்தைப் பற்றி எழுதியதிலிருந்துதான் அவருடைய பத்திரிகை வாழ்வு தொடங்கியது எனலாம். அயோலா என்ற புனைபெயரில் எழுதினார். 1889இல் மெம்ஃபிஸில் வெளிவந்த ஃப்ரீ ஸ்பீச் என்ற வார இதழின் பங்குதாரரும் ஆசிரியரும் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் இருந்த நிலையைப் பற்றி அதில் எழுதியதற்காக 1891இல் ஆசிரியை வேலை பறிபோனது. இதழே முழுநேர வேலையாயிற்று.

இனி, அவர் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி. மெம்ஃபிஸின் எல்லைப்புறத்தில் தாமஸ் மாஸ் என்பவர் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து மக்கள் மளிகைக் கடை என்ற பெயரில் ஒரு கடை நடத்தினார். மாஸ் பகலில் தபால்காரர், மாலையில் கடைக்காரர். ஐடா அவருடைய மகளுக்கு ஞானத்தாய். அந்தத் தெருமுனையில் அதுவரை ஒரு வெள்ளையரின் கடை மட்டுமே இருந்தது. இரு இனத்துச் சிறுவர்களும் கோலிக்குண்டு விளையாடும்போது மூண்ட சண்டை பெரியவர்களிடம் போய், கடைசியில் ஓர் இரவு சாதாரண உடையில் ஆயுதங்களோடு சிலர் கடையின் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். தாக்க வந்த கும்பல் என்று நினைத்து உள்ளிருந்தவர்கள் சுட்டார்கள். மூவர் காயப்பட்டனர். வந்தவர்கள் ஷெரிஃபின் ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் நகரத்து நாளேடுகள் அந்தக் கடையைக் குடிகாரர்களும் சூதாடிகளும் கூடும் குகை என்றும், கடமையாற்றப் போன அதிகாரிகளைப் பதுங்கியிருந்து சுட்டார்கள் என்றும் எழுதின. 1892 மார்ச் 9 அதிகாலையில் முகமூடி அணிந்த கும்பல் சிறைக்குள் புகுந்து தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூவரையும் இழுத்துச் சென்று ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது.

இத்தகைய கொலைக்கு ஆங்கிலத்தில் லிஞ்சிங் என்று பெயர். விசாரணையோ தீர்ப்போ இல்லாமல் கும்பலே பிடித்துத் தூக்கிலிடும், அல்லது சுடும், சில வேளை உயிரோடு எரிக்கும். தென் மாநிலங்களில் இதற்கு ஒரு நிலையான விளக்கம் இருந்தது: கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள், அதைப் பொறுக்க முடியாத மக்கள் கொதித்தெழுகிறார்கள். இந்த விளக்கத்தைத் தென்மாநில ஏடுகள் எழுதின, வடமாநில ஏடுகள் எடுத்துப் போட்டன. பத்து ஆண்டுகளாக இதையே படித்துவந்தவர்களில் ஐடாவும் ஒருவர். மாஸ் கொல்லப்படும்வரை தாமும் ஏறத்தாழ அதை நம்பியதாக, கொலை முறையற்றதுதான் ஆனாலும் செத்தவன் ஏதோ செய்திருப்பான் என்று எண்ணியதாக, அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து நாடறிந்த தலைவராகிவிட்ட ஃபிரெடரிக் டக்ளஸ்கூடத் தம் இனத்து ஆண்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டதோ என்று ஐயப்படத் தொடங்கியிருந்ததாக அவரிடம் சொன்னாராம். யாரைப் பற்றிப் பொய் சொல்லப்பட்டதோ அவர்களே அதை நம்பும் அளவுக்கு அந்தச் செய்திகள் வேலை செய்திருந்தன.

மாஸும் நண்பர்களும் எந்தப் பெண்ணையும் தொட்டதாக அவர்களின் எதிரிகள்கூடச் சொல்லவில்லை. போட்டிக் கடை நடத்தியதுதான் அவர்கள் செய்தது. அப்படியானால் மற்றக் கொலைகளில் எத்தனை இப்படிப்பட்டவை? இந்தக் கேள்வியோடு அவர் புறப்பட்டார்.

அதற்கு முன் மெம்ஃபிஸிலேயே ஒரு போராட்டம் நடந்தது. உயிருக்குப் பாதுகாப்பில்லாத ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று அவருடைய இதழ் எழுதியது. மக்கள் கூட்டங்கூட்டமாக மேற்கே ஓக்லஹோமாவுக்குப் போகத் தொடங்கினர். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் நிறுவனத்து அதிகாரிகளே இதழ் அலுவலகத்துக்கு வந்து, வாசகர்களிடம் எடுத்துச் சொல்லும்படி கேட்கவேண்டியதாயிற்று. இதற்கிடையே, ஓக்லஹோமாவுக்குப் போனவர்கள் அங்கே பசியால் சாகிறார்கள் என்று வெள்ளையர் ஏடுகள் எழுதின. ஐடா அங்கும் நேரில் போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தாம் கண்டதை எழுதி அனுப்பினார். ஒரு செய்தி உண்மையா என்று அறிய ரயிலேறிப் போவது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

1892 மே 21 இதழில் ஒரு சிறு தலையங்கம் எழுதினார். அதற்கு முந்தைய இதழ் வந்தபின் ஒரே வாரத்தில் கும்பல்கள் கொன்ற கறுப்பினத்தவர் 8 பேர், அவர்களில் 5 பேர் மீது அதே பழைய குற்றச்சாட்டு என்று எண்ணிக் காட்டினார். இந்தக் கதையை இனி யாரும் நம்பப்போவதில்லை, இதையே சொல்லிக்கொண்டிருந்தால் வெள்ளைப் பெண்களின் பெயருக்குத்தான் கேடு என்ற பொருளிலும் ஒரு வரி சேர்த்தார். ஆறாம் நாள் அவருடைய அலுவலகம் சூறையாடப்பட்டது. அவர் அப்போது கிழக்கே பயணத்தில் இருந்ததால் தப்பினார். திரும்பி வந்தால் கொலை என்ற மிரட்டல் நியூயார்க் வரை வந்தது. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் தெற்கே காலெடுத்து வைக்கவில்லை.

நியூயார்க்கில் டி. தாமஸ் ஃபார்ச்சூன் நடத்திய ஏஜ் இதழில் சேர்ந்தார். 1892 ஜூன் 25 அன்று அதன் முதல் பக்கத்தில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. அக்டோபரில் நியூயார்க், புரூக்ளின் பகுதிகளின் கறுப்பினப் பெண்கள் கூட்டம் நடத்தி ஏறத்தாழ 500 டாலர் திரட்டித் தந்தார்கள். அதைக்கொண்டு அந்தக் கட்டுரையை விரித்துச் சிறுநூலாக வெளியிட்டார். தெற்கின் கொடுமைகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1895இல் சிவப்புப் பதிவேடு என்னும் பொருள்படும் பெயரில் நூறு பக்க நூல் வந்தது. அவருடைய முறையை இந்த இரண்டு நூல்களிலும் தெளிவாகப் பார்க்கலாம்.

முதல் காரியம், எண்களை அவர் தாமே திரட்டவில்லை. சிகாகோ டிரிபியூன் நாளேடு 1882 முதல் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அந்த ஆண்டில் நடந்த கும்பல் கொலைகளின் பட்டியலை வெளியிட்டு வந்தது. அது வெள்ளையர் ஏடு. அதற்குப் போன தகவல்களும் பெரும்பாலும் தெற்கிலிருந்து வெள்ளையர் அனுப்பியவை. அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு கறுப்பினப் பெண் கணக்கெடுத்திருந்தால் மிகை என்று தள்ளிவிட்டிருப்பார்கள். கொன்றவர்கள் தரப்புச் செய்திகளிலிருந்தே வந்த எண்ணை எப்படித் தள்ளுவது?

இரண்டாவது காரியம் இன்னும் நுட்பமானது. டிரிபியூன் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் கொலைக்கான காரணம் என்று ஒரு சொல் இருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது அந்த மனிதன் செய்த குற்றமாகத் தெரியும். ஐடா அதைக் குற்றச்சாட்டு என்று மட்டுமே படித்தார். விசாரணை நடக்காதபோது யார் எதைச் செய்தார் என்று எப்படித் தெரியும்? நூலின் தலைப்புப் பக்கத்திலேயே, கூறப்படும் காரணங்கள் என்றுதான் போட்டார். நம் செய்தித்தாள்களில் கைதானவரை மறுநாளே குற்றவாளி என்று எழுதும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் எடை தெரியும்.

மூன்றாவதாக, எல்லாக் காரணங்களையும் வகைப்படுத்திக் கூட்டினார். 1892ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டில் கும்பல்கள் கொன்றவர் மொத்தம் 241. அவர்களில் கறுப்பினத்தவர் 160, அதில் 5 பேர் பெண்கள். இந்த 160 பேர் மீது சாட்டப்பட்டவை: கொலை 58, வல்லுறவு 46, வல்லுறவு முயற்சி 11, கலகம் 3, இனவெறுப்பு 6, தீவைப்பு 6, கொள்ளை 6, கொள்ளையடித்ததாகச் சந்தேகம் 4, திருட்டு 1, அடிதடி 1, மோசடி 1, கொலை முயற்சி 2, பெண்களை அவமதித்தது 2, முரடர்கள் என்ற பெயர் 6, தற்காப்பு 1, காரணம் தரப்படாதவை 4. கடைசியாக, குற்றம் எதுவும் குறிப்பிடாமல் ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும்.

வேண்டுமானால் கூட்டிப் பாருங்கள், 160 வரும். வல்லுறவுக் குற்றச்சாட்டு 46 என்பது 29 விழுக்காட்டுக்கும் கொஞ்சம் குறைவு. முயற்சியையும் சேர்த்தால் 57, அதாவது சுமார் 36 விழுக்காடு. முந்தைய எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்டதாக முதல் நூலில் அவர் காட்டிய 728 பேரிலும் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றம் சாட்டவாவது பட்டிருந்தது. கும்பல் கொலைக்கு ஒரே காரணம் என்று நாடே நம்பிய ஒன்று, நம்ப வைத்த செய்தித்தாள்களின் கணக்குப்படியே, மூன்றில் இரண்டு கொலைகளில் பேச்சுக்குக்கூட இல்லை. அந்த மூன்றில் ஒரு பங்கிலும் எத்தனை உண்மை? அதற்காகத்தான் ஊர் ஊராகப் போனதும் ஆள் அனுப்பியதும். சிலவற்றில், தொடக்கத்தில் சொன்ன மிசிசிப்பிக் கதைபோல, இருவர் விருப்பத்தோடு நடந்த உறவு வெளியே தெரிந்தபின் குற்றமாக மாறியிருந்தது.

எண்களோடு அவர் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்புப் பதிவேட்டில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் வருகின்றன. இன்ன தேதி, இன்னார், இன்ன ஊர், இன்ன குற்றச்சாட்டு. படிக்கச் சலிப்பூட்டும் பக்கங்கள்தான். ஆனால் சந்தேகப்படுகிறவன் எந்த வரியையும் எடுத்துச் சரிபார்க்கலாம் என்ற அழைப்பு அதில் இருக்கிறது.

அவருடைய எல்லா எண்களும் ஒரே தரத்தவை அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர் என்று அதே நூலில் எழுதுகிறார். டிரிபியூன் எண்களைப்போல இதற்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது, ஒரு முழு எண்ணாக நிற்கிறது. போருக்குப் பின் நடந்த படுகொலைகளை நினைத்தால் அது நம்பத் தகாதது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அவரிடம் கற்ற கேள்வியை அவரிடமே கேட்பதில் தவறில்லை: இதை எண்ணியவர் யார்? அதேபோல டிரிபியூன் கணக்கில் 1882இல் 52 ஆக இருந்த கறுப்பினத்தவர் கொலைகள் 1891இல் 169 ஆகின்றன. கொலைகள் கூடியதும் உண்மை. செய்தி சேகரிப்பு விரிவடைந்ததற்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். பத்திரிகைக்கு எட்டாத சாவு பட்டியலுக்கும் எட்டாது.

1893லும் 1894லும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளுக்குச் சென்று பேசினார். அழைத்தவர்களுள் ஒருவர் கேத்தரின் இம்பி என்ற குவேக்கர் பெண்மணி. அவர் 1888 முதல் நடத்திய இதழின் பெயர் நமக்கு வியப்பளிக்கும்: சாதி எதிர்ப்பு. நிறத்தால் மனிதரைப் பிரிப்பதைக் குறிக்க, இந்தியாவை வைத்து ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லையே அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் முதல் பயணத்தைப் பெரும்பாலான ஏடுகள் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் பயணத்தின்போது சிகாகோவின் இன்டர் ஓஷன் நாளேட்டுக்கு அங்கிருந்தே கட்டுரைகள் அனுப்பினார். லண்டனில் கும்பல் கொலை எதிர்ப்புக் குழு ஒன்று அமைந்ததும்தான் தென்மாநில ஆளுநர்களுக்கும் பருத்தி வணிகர்களுக்கும் உறைத்தது. மெம்ஃபிஸ் ஏடுகள் அவரை வசைபாடின. வசையைத்தான் கொட்டினார்களே தவிர, எண்களை மறுத்தவர் அரிது.

1895இல் சிகாகோவில் வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்துகொண்டார். தம் பெயரை விடாமல் வெல்ஸ்-பார்னெட் என்று சேர்த்து எழுதினார். அக்காலத்தில் அது அபூர்வம். நான்கு குழந்தைகள். கைக்குழந்தையோடு கூட்டங்களுக்குப் போனவர்.

1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்பவரைப் பெருங்கூட்டத்தின் முன்னே எரித்துக் கொன்றார்கள். வேடிக்கை பார்க்கத் தனி ரயில் விடப்பட்டது. முதலாளியைக் கொன்று அவர் மனைவியைக் கெடுத்தான் என்று அட்லாண்டா ஏடுகள் நாள்தோறும் எழுதிக் கூட்டத்தைச் சேர்த்திருந்தன. சிகாகோவிலிருந்து ஒரு வெள்ளைத் துப்பறிவாளரை அங்கே அனுப்பினார்கள். கூலித் தகராறு, முதலாளி துப்பாக்கியை எடுத்தார், ஹோஸ் கையிலிருந்த கோடரியை வீசினார், மனைவியைத் தொட்டதாகச் சொல்வது கட்டுக்கதை என்று அவர் அறிக்கை தந்தார். அந்த அறிக்கையையும் அட்லாண்டா ஏடுகளில் வந்த செய்திகளையும் ஒரே சிறுநூலில் ஐடா வெளியிட்டார்.

1901இல் நடந்த ஒரு விவாதம் என்னை மிகவும் கவர்ந்தது, எதிர்த்தரப்பில் இருந்தவர் நல்லவர் என்பதால். சிகாகோவில் ஏழைகளுக்காக ஹல் ஹவுஸ் நடத்திய ஜேன் ஆடம்ஸ் கும்பல் கொலைகளைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். கண்டனம் உண்மையானதுதான். ஆனால் வல்லுறவுக் குற்றங்களைத் தடுக்கவே தெற்கத்தியர் இப்படிச் செய்கிறார்கள் என்பதை ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொண்டு, இது சரியான வழியல்ல என்று கூறியிருந்தார். ஐடா சில மாதங்களில் பதில் எழுதினார். ஆடம்ஸைப் பாராட்டிவிட்டு, அந்த ஏற்பைத்தான் குறிவைத்தார். மறுபடி டிரிபியூன், மறுபடி கூட்டல். கொல்லப்பட்ட கறுப்பினத்தவரில் இந்தக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1896இல் 39 விழுக்காட்டுக்கும் குறைவு, 1897இல் 18க்கும் குறைவு, 1898இல் 16க்கும் குறைவு, 1899இல் 14க்கும் குறைவு, 1900இல் 15க்கும் குறைவு. தவறான எண்ணைப் பகைவர் சொல்லும்போது எதிர்க்க ஆள் இருக்கும், நண்பர் இரக்கத்தோடு சொல்லும்போது யாரும் கேட்பதில்லை. நாம் குடியேறியிருக்கும் நாடுகளில் குடியேறிகளுக்கு ஆதரவாக எழுதுகிறவர்கள்கூட, எதிர்ப்பவர்கள் தந்த கணக்கை ஒப்புக்கொண்டுதான் பல நேரம் எழுதத் தொடங்குகிறார்கள்.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1909இல் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உருவான கூட்டத்தில் அவர் இருந்தார். ஆனால் நாற்பது பேர் கொண்ட குழுவை முதலில் அறிவித்தபோது அவர் பெயர் விடுபட்டு, பிறகே சேர்க்கப்பட்டது. யாருக்கும் வளைந்துபோகாத குணம் அவருக்கு நண்பர்களைக் குறைத்தது. அதே ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரில் ஒரு கைதியைக் கும்பலிடம் இழந்த ஷெரிஃப், 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி பதவி இழந்தார். அவரை மீண்டும் அமர்த்தக் கூடாது என்று வழக்கறிஞர்கள் நிறைந்த விசாரணையில் ஐடா ஆளுநர் முன் வாதாடி வென்றார். 1913இல் வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம் நடந்தபோது கறுப்பினப் பெண்கள் பின்வரிசையில் வரவேண்டும் என்றார்கள். அவர் ஓரத்தில் காத்திருந்து, இல்லினாய் அணி வந்ததும் நடுவில் புகுந்து நடந்தார்.

அதே 1919இல் முன்னேற்றச் சங்கம் முப்பது ஆண்டுக் கணக்கு ஒன்றை நூலாக வெளியிட்டது. 1889 முதல் 1918 வரை கும்பல்களால் கொல்லப்பட்டவர் 3,224, அவர்களுள் கறுப்பினத்தவர் 2,522. அந்நூலும் குற்றச்சாட்டுகளை வகைப்படுத்திக் கூட்டியிருந்தது. ஐடா தொடங்கிவைத்த வழி அது.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஆர்கன்சாவின் எலைன் பகுதியில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைத்த கறுப்பின விவசாயிகள் மீது தாக்குதல் நடந்தது. வெள்ளையரைக் கூண்டோடு கொல்லச் சதி என்று ஏடுகள் எழுதின. இறந்த வெள்ளையர் 5 பேர். இறந்த கறுப்பினத்தவர் இருபதுக்குச் சற்று மேல் என்று அன்று சொன்னவர்களும் உண்டு, 200க்கு மேல் என்று பிறகு மதிப்பிட்டவர்களும் உண்டு. எண்ணுவதற்கே யாரும் மெனக்கெடவில்லை. 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, ஜூரிகள் சில நிமிடங்களில் முடிவு சொன்னார்கள். 1920 ஜனவரியில் ஐடா, முப்பது ஆண்டுகளுக்குப் பின் தெற்கே போனார். கைதிகளின் மனைவியரோடு உறவுக்காரிபோலச் சிறைக்குள் நுழைந்து அவர்களிடம் பேசினார். சதியைப் பற்றி மட்டும் அவர் கேட்கவில்லை. எத்தனை ஏக்கர் பயிரிட்டாய், எத்தனை பொதி பருத்தி, எவ்வளவு சோளம், எத்தனை மாடு என்றும் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பட்டியலிட்டார். கொல்லச் சதி செய்தவர்கள் என்று ஏடுகள் சொன்னவர்களின் விளைச்சல் இப்போது யார் கையில் என்ற கேள்வி அந்தப் பட்டியலிலிருந்து தானாக எழுந்தது. 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இவர்களில் ஆறு பேரின் வழக்கில் விசாரணை முறையற்றதென்று கருத இடமுண்டு என்றது. 1925க்குள் 12 பேரும் விடுதலையானார்கள்.

1930இல் இல்லினாய் மாநில மேலவைக்குச் சுயேச்சையாக நின்று தோற்றார். 1931 மார்ச் 25 அன்று சிகாகோவில் சிறுநீரக நோயால் காலமானார். வயது 68. எழுதிக்கொண்டிருந்த வாழ்க்கை வரலாறு ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுபோயிருந்தது. மகள் ஆல்ஃபிரெடா டஸ்டர் அதைப் பதிப்பித்து 1970இல்தான் வெளிக்கொணர முடிந்தது.

எண்ணும் வேலை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. டஸ்கீகி நிறுவனத்தின் கணக்கில் 1882 முதல் 1968 வரை 4,743 பேர், அவர்களுள் கறுப்பினத்தவர் 3,446. அலபாமாவைச் சேர்ந்த சம நீதி முயற்சி என்ற அமைப்பு 2015இல் வெளியிட்ட கணக்கில் 12 தென்மாநிலங்களில் மட்டும், 1877 முதல் 1950 வரை, கறுப்பினத்தவர் 3,959 பேர். முரண்போலத் தோன்றினாலும் ஆண்டுகளும் எல்லைகளும் வேறு. எத்தனை பேர் சேர்ந்து கொன்றால் அது கும்பல் கொலை என்ற வரையறைக்கே 1940இல் ஒரு கூட்டம் கூட்டிப் பேச வேண்டியிருந்தது.

2020இல் புலிட்சர் குழு ஐடாவுக்குச் சிறப்பு விருது அளித்தது. கும்பல் கொலையைத் தேசிய அளவில் குற்றமாக்கும் சட்டம், இருநூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள் தோற்றபின், 2022 மார்ச் 29 அன்று கையெழுத்தாயிற்று. அந்த நிகழ்ச்சியில் பேசியவர்களுள் ஐடாவின் கொள்ளுப்பேத்தியும் ஒருவர்.